அட்டை இல்லாத ஒரே வீடு

ஒரு நாட்டில் எத்தனை பேர் அரை வயிற்றோடு படுக்கிறார்கள் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எத்தனை வீடுகளில் விளையாட்டுக் கணினி இருக்கிறது என்பது தெரியாமல் ஓர் அரசாங்கம் எப்படித் தலை நிமிர்ந்து நடக்க முடியும்? வெளிநாட்டு மாநாடு ஒன்றில் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து நாற்காலிக்காரர் அமைச்சரைப் பார்த்து இந்தக் கேள்வியைத்தான் கேட்டார். அமைச்சர் வாயில் இருந்த கவளத்தை நெடுநேரம் மென்று சமாளிக்க வேண்டியதாயிற்று. மென்ற அவமானம் அவரை விடவில்லை. விமானம் தரை இறங்குவதற்குள் உத்தரவு தயாராகிவிட்டது.

உத்தரவு புள்ளிவிவர அலுவலகத்தின் துணை இயக்குநரிடம் வந்து சேர்ந்தது. அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சென்ற வருஷம் நாட்டில் உள்ள குடைகளைக் கணக்கெடுத்தவர். நல்ல வெயிலில் எடுத்ததால் எல்லாக் குடைகளும் வெயிலுக்கானவை என்று கண்டறிந்து, மழைக்கு இந்த நாட்டில் குடையே கிடையாது என்று புத்தகம் போட்டு நிறுவியவர். அப்பேர்ப்பட்டவர் இந்த வேலையை எடுத்துக்கொண்டால் சும்மா விடுவாரா?

முதலில் அவர் மனித சுபாவத்தை ஆராய்ந்தார். வீட்டில் விளையாட்டுக் கணினி இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் இருப்பவன் வரிக்குப் பயந்து இல்லை என்பான், இல்லாதவன் கௌரவத்துக்காக இருக்கிறது என்பான். ஆகவே கணினி என்ற சொல்லே கேள்வியில் வரக் கூடாது என்று தீர்மானித்தார். பாகங்களை மட்டும் கேட்பது, ஐந்து பாகத்தில் மூன்று இருந்தால் அந்த வீட்டில் ஒரு விளையாட்டுக் கணினி இருந்தே தீரும் என்று கொள்வது. பாகங்களின் பெயரைச் செந்தமிழில் போடுவதற்கு ஒரு குழு உட்கார்ந்தது. கடைத்தெருவில் எல்லாரும் கிராபிக்ஸ் கார்டு என்று சொல்வது வரைகலை அட்டை ஆயிற்று. மதர்போர்டு தாய்ப்பலகை ஆயிற்று. மவுஸ் சுட்டி ஆயிற்று, மெமரி நினைவகம் ஆயிற்று. உள்ளே சூடு தணிக்கச் சுற்றும் ஃபேனை விசிறி என்று எழுதிக் குழு கலைந்தது.

கடைசியாக ஒரு விதி சேர்த்தார்கள். களப்பணியாளர் கேள்வியைப் படிக்க வேண்டும், பதிலை எழுத வேண்டும். கேள்விக்கு விளக்கம் சொல்லக் கூடாது. விளக்கம் சொன்னால் விடை மாசுபடும்.

இந்த ஆராய்ச்சி எல்லாம் நடந்துகொண்டிருப்பது தெரியாமல் ஏழாம் வார்டில் ஒருவர் நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ‘ரீஸ்டார்ட்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது. எந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு என்றாலும் முதலில் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க என்பார். பாதிக் கோளாறு அதிலேயே சரியாகிவிடும். பல்வலி என்று தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடமும் வாய் தவறி அதையே சொல்லிவிட்டார் என்று வார்டில் ஒரு கதை உண்டு.

மருந்துக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் ஒடுக்கமாக ஒரு கடை. அதற்குள் சுவரோடு சுவராகப் பன்னிரண்டு விளையாட்டுக் கணினிகள். காசு கொடுத்து மணிக்கணக்கில் உட்கார்ந்து கார் ஓட்டுவார்கள், பந்து அடிப்பார்கள், ஒருவரை ஒருவர் சுட்டுத் தள்ளிவிட்டு ஒன்றாக டீ குடிக்கப் போவார்கள். மெஷின் ஒவ்வொன்றையும் ரீஸ்டார்ட் தன் கையால் கோர்த்தவர். எந்தப் பாகம் எந்தப் பழைய கடையில் யாரிடம் பேரம் பேசி வாங்கியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். ஒன்றுக்கு ஃபேன் தேய்ந்து போய்க் கர் கர்ரென்று சத்தம் வரும். அதற்கு ‘இருமல்’ என்று பெயர். புது ஃபேன் மாற்றினால் சத்தம் நின்றுவிடும். ஆனால் அதன் குரலே அதுதான் என்று ரீஸ்டார்ட் மாற்றாமலே விட்டிருந்தார்.

அவர் மனைவி புள்ளிவிவர அலுவலகத்தில் தற்காலிகக் களப்பணியாளர். ஏழு வருஷமாகத் தற்காலிகம். குடைக் கணக்கெடுப்பில் வெயிலில் அலைந்தவள். இந்தக் கணக்கெடுப்பை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று துணை இயக்குநர் வாயால் சொல்லியிருந்தார். ஏழாம் வார்டு அவளுக்கே ஒதுக்கப்பட்டது.

தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். எதிர்வீட்டு அக்காவிடம் வரைகலை அட்டை உண்டா என்று கேட்டாளாம். பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்தில் படம் வரைய வேண்டும் என்று நேற்றுதான் வாங்கினேன், வெள்ளையில் இரண்டு பச்சையில் இரண்டு என்றாளாம் அக்கா. படிவத்தில் வரைகலை அட்டை நான்கு என்று ஏறியது. தாய்ப்பலகை என்றதும் அக்கா அடுப்படிக்கு அழைத்துப் போய், தன் அம்மா கொடுத்த காய் நறுக்கும் பலகையை எடுத்துக் காட்டினாளாம். தாய்ப்பலகை ஒன்று, நல்ல நிலையில், அன்றாட உபயோகத்தில். சுட்டி கேட்டதற்கு, அது இரண்டு இருக்கிறது, இரண்டும் ஓர் இடத்தில் நிற்காது என்றாளாம். கம்பியற்றவை என்று குறித்துக்கொண்டாள் இவள்.

தெருக்கோடியில் இருக்கும் ரிடையர்டு ஹெட்மாஸ்டரிடம் நினைவகம் பற்றிக் கேட்டதற்கு, முப்பது வருஷத்துக்கு முன்னால் கடைசி பெஞ்சில் இருந்தவன் இனிஷியல்கூடத் தனக்கு மறக்கவில்லை என்றாராம். மிக உயர்ந்த கொள்ளளவு. வீட்டில் அறைக்கு ஒன்றாக விசிறி. விசிறி கூடக் கூட மெஷின் வீரியமானது என்று குறிப்பேட்டில் இருந்ததால் ஹெட்மாஸ்டர் ‘மேல்நிலை விளையாட்டாளர்’ என்ற பிரிவில் போய் உட்கார்ந்தார். தையல்காரர்தான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர். வரைந்து வெட்டுவதுதானே அம்மா என் கலையே என்று சொல்லி, சட்டை அளவுக்கு வெட்டி வைத்திருந்த அட்டைகளைக் கட்டுக் கட்டாக எடுத்துப் போட்டாராம். அவருக்கு என்று தனியாக ஒரு பிரிவு உண்டாக்க வேண்டியிருந்தது.

ரீஸ்டார்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்த பிறகு, இது கம்ப்யூட்டர்ல இருக்கற பாகம்னு நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டார்.

“சொல்லக் கூடாதுங்க. பயிற்சியில ஒருத்தி சொன்னா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க சொன்னதை நான் எழுதறேன். அதுல ஒரு எழுத்து பொய் கிடையாது.”

அதுவும் வாஸ்தவம்தான். அப்போது அவருக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. சிரித்த வாய்க்கு அப்புறம் சிந்தனை எங்கே வரும்.

வார்டு முடிந்து கடைசியில் சொந்த வீடு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். விதி அப்படி. சாப்பாட்டு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வீட்டில் வரைகலை அட்டை உண்டா என்று ஐயா போட்டுக் கேட்டாள். அவள் மனப்பாடம் பண்ணியதைக் கேட்டுக் கேட்டு ரீஸ்டார்ட்டுக்கு அந்தச் சொற்கள் எல்லாம் அத்துப்படி. எல்லாம் கடையில் இருக்கிறது, வீட்டில் ஒன்றும் இல்லை என்றார். தாய்ப்பலகை இல்லை, சுட்டி இல்லை, விசிறி இல்லை. கடையைச் சேர்க்க மாட்டாயா என்று கேட்டதற்கு, யாரும் படுத்துத் தூங்காத இடம் குடியிருப்பு ஆகாது என்று சொல்லி அவள் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். வார்டிலேயே கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். ஆகவே வார்டிலேயே எதுவும் இல்லாத வீடு அவருடைய வீடு ஒன்றுதான்.

முடிவு வெளியானது. நாட்டிலேயே விளையாட்டுக் கணினியில் தன்னிறைவு அடைந்த முதல் வார்டு ஏழாம் வார்டு என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. படித்தவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தன் வீட்டில் இல்லை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் அடுத்த வீட்டில் இல்லை என்று யாருக்குத் தெரியும்? அதனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, இருப்பவர்கள் மாதிரி நடக்கத் தொடங்கினார்கள்.

நடக்கத் தொடங்கியதும் அது ஒரு நாகரிகமாகிவிட்டது. தையல்காரர் இரவில் கண் விழித்து விளையாடுகிறவர் மாதிரி பகலில் கொட்டாவி விட்டார். எதிர்வீட்டு அக்கா, கடைக்காரர் முன்னால் நின்று, எங்க பெரியவளுக்கு எந்நேரமும் விளையாட்டுதான், கண்ணே போச்சு என்று சம்பந்தமில்லாமல் அலுத்துக்கொண்டாள். வீட்டுத் தரகர் ‘முழு அட்டை வார்டு’ என்று விளம்பரம் போட்டு வாடகையை ஏற்றினார். தன் வீட்டில் இல்லை என்று சான்றோடு அகப்பட்ட ரீஸ்டார்ட்டைப் பார்த்து எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். ஹெட்மாஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு அட்டை வாங்கிப் போடக் கூடாதா தம்பி, வார்டு பேர் உன்னாலதானே கெடுது என்று தோளில் கை வைத்துச் சொன்னார். நேற்றுவரை அதே ஹெட்மாஸ்டர் பேரனைத் தேடிக்கொண்டு அவர் கடைக்குத்தான் வருவார். ரீஸ்டார்ட்டுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

அந்த மாதம் கடையின் உரிமம் புதுப்பிக்க வேண்டிய மாதம். வழக்கமாக ஒரு முத்திரை குத்தி அனுப்புகிற வேலை. இந்த முறை நகர அலுவலகத்தின் உரிமப் பிரிவு அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்தார், நிமிர்ந்து ரீஸ்டார்ட்டைப் பார்த்தார்.

“உங்க வார்டுதான் தன்னிறைவு அடைஞ்சிடுச்சே. அப்புறம் இந்த விளையாட்டு மையம் யாருக்கு?”

“சார், இப்பவும் என் கடையில உட்கார இடமில்லாம நிக்கறாங்க.”

“வீட்ல வச்சுக்கிட்டே வெளியில காசு கொடுத்து விளையாடினா அது தேவை இல்லை, ஊதாரித்தனம். ஊதாரித்தனத்துக்கு உரிமம் கொடுக்க விதி இல்லை. அது கிடக்கட்டும். உங்க வீட்டுப் பதிவுல எல்லாமே இல்லைன்னு இருக்கு. ஒண்ணுமே இல்லாதவர் எதை வச்சு மையம் நடத்தறீங்க?”

“எல்லாம் கடையில இருக்கு சார்.”

“கடையைக் கணக்கெடுக்கலையே.”

“வந்து பாருங்க சார், பக்கத்துலதான்.”

“கணக்குல இல்லாததை நான் கண்ணால பார்த்தா மட்டும் இருக்குன்னு ஆயிடுமா?” என்று அதிகாரி மிகவும் அன்பாகக் கேட்டார். மாதக் கடைசிக்குள் கணக்கெடுப்பு தவறு என்று புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றார். இல்லாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ரீஸ்டார்ட் புள்ளிவிவர அலுவலகத்துக்கு ஓடினார். துணை இயக்குநர் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கடைசிவரை கேட்டார். அட்டை என்பது படம் வரையும் அட்டை, பலகை என்பது காய் நறுக்கும் பலகை, சுட்டி என்பது பிள்ளைகள் என்று ரீஸ்டார்ட் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். துணை இயக்குநருக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, ஒருத்தர் வந்து சொன்னால் அது புகார், நூறு பேர் சொன்னால் அது தரவு, நூறு பேர் கையெழுத்தோடு வாருங்கள் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நூறு கையெழுத்துதானே, வார்டில் யார் வீட்டிலும் இல்லை, ஆளுக்கு ஒரு கையெழுத்து, அரை நாள் வேலை என்று ரீஸ்டார்ட் உற்சாகமாகக் கிளம்பினார். எங்கள் வீட்டில் விளையாட்டுக் கணினி இல்லை என்று ஒரே வரி. எதிர்வீட்டு அக்கா அந்த வரியைப் படித்துவிட்டு, இதில் கையெழுத்துப் போட்டால் நாளைக்குச் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் போட்டால் நானும் போடுகிறேன் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படிச் சொல்லியே அவரைத் தெரு முழுக்கச் சுற்ற விட்டார்கள். தையல்காரர் மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. எங்க வீட்ல இல்லைதான். ஆனா வார்டுலயே பெரிய ஆளுன்னு என்னைப் போட்டிருக்காங்க தம்பி. இத்தனை வருஷம் தைச்சேன், ஒருத்தன் நிமிர்ந்து பார்த்தது கிடையாது. இப்ப மருமகன் வந்து பக்கத்துல உட்கார்ந்து பேசறான். அதைப் போய் நான் எப்படி இல்லைன்னு எழுதிக் கொடுப்பேன்?”

ரீஸ்டார்ட் பேனாவை மூடினார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அதில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தது. அது அவருடையது.

இந்த நிலையில் எட்டாம் வார்டு பொறாமையால் வெடித்தது. ஏழாம் வார்டின் கணக்கில் தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று அவர்கள் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். மேலிடம் உடனே நேரடிச் சரிபார்ப்புக்கு உத்தரவிட்டது. மாதிரிக்கு மூன்று தெருக்களில் வீடு வீடாகப் போய்க் கண்ணால் பார்ப்பது, பார்த்த வீட்டுக்குச் சான்று கொடுப்பது. கண்ணால் பார்க்கப்போகிறவர்கள் நிஜ மெஷினைத்தான் பார்க்க வேண்டும் என்று படம் போட்டு வேறு அனுப்பியிருந்தார்கள். கேட்டதும் ரீஸ்டார்ட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்து பார்க்கட்டும், காய்ப்பலகையைக் காட்டட்டும், வண்டவாளம் தண்டவாளம் ஏறட்டும் என்று வீட்டுக்குப் போனார்.

மனைவி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சுற்றறிக்கை. சரிபார்ப்பில் பதிவு பொய் என்று தெரிந்தால், எழுதிய களப்பணியாளர் உடனடியாக நீக்கப்படுவார் என்று அதில் இருந்தது. கேள்வி எழுதிய குழுவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“அவங்க சொன்னதைத்தானே நான் எழுதினேன்,” என்றாள். “ஏழு வருஷங்க.”

அவள் அழுது அவர் பார்த்ததில்லை. குடைக் கணக்கெடுப்பில் வெயிலில் மயங்கி விழுந்தபோதுகூட எழுந்து உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனவள். பொய் என்று தெரிந்தால் அவளுக்கு வேலை போகும். உண்மை என்று ஆனால் அவருக்குக் கடை போகும். மேசைக்கு எதிரெதிரே அன்று போலவே உட்கார்ந்திருந்தார்கள். என் கடையைப் பார் என்று அவரும் சொல்லவில்லை, என் வேலையைப் பாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஹெட்மாஸ்டர் தலைமையில் வார்டே கடை வாசலில் வந்து நின்றது. எல்லார் முகத்திலும் கலவரம். சோதனை வருகிறது, காட்டுவதற்கு யாரிடமும் ஒன்றும் இல்லை. ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வார்டின் மானம் இப்போது ரீஸ்டார்ட்டின் கையில்தான் இருக்கிறது என்றும், பன்னிரண்டு மெஷினையும் வீட்டுக்கு வீடு முன்கூட்டியே நகர்த்திக்கொண்டு போனால் சமாளித்துவிடலாம் என்றும் ஒரு சிற்றுரை ஆற்றினார். தோளில் கை வைத்த அதே ஹெட்மாஸ்டர்தான். இன்னொரு நாளாக இருந்தால் ரீஸ்டார்ட் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பார். சுற்றறிக்கை ஞாபகம் வந்தது. சரி, ஆனா நான்தான் தூக்குவேன், வேற யாரும் கை வைக்கக் கூடாது என்றார்.

சரிபார்ப்புக் குழு வந்த அன்று ஏழாம் வார்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் மூச்சு வாங்கும். குழுவுக்கு முன்வாசலில் டீ கொடுத்து உபசரிப்பார்கள். அதற்குள் பின்வாசல் வழியாக மெஷின் உள்ளே வரும். அடுப்படி வழியாக, துணி காயும் கொடிக்கு அடியில் குனிந்து, குளியலறையைச் சுற்றிக்கொண்டு, போர்வை போர்த்திய தள்ளுவண்டியில் ரீஸ்டார்ட் ஓடிக்கொண்டே இருந்தார். மெஷினை மேசையில் வைத்து உயிர் கொடுப்பார். இரண்டு வீடுகளில் திரை வராமல் தொல்லை கொடுத்தபோது அவர் சொன்ன மருந்து என்ன என்பதை நீங்களே ஊகிக்கலாம். அன்றைக்குப் பார்த்து ‘இருமல்’ மட்டும் ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. அதனால் அவசரத்துக்கு அவர் அதையே திரும்பத் திரும்பத் தூக்கினார், அது வீட்டுக்கு வீடு போய்க் கர் கர்ரென்று தன் கடமையைச் செய்தது.

குழுவின் தலைவர் கூர்மையான ஆள். ஐந்தாறு வீட்டில் அதே சத்தத்தைக் கேட்டதும் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். எல்லாம் முடிந்தது என்று பின்வாசலில் ரீஸ்டார்ட் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தலைவர் தலையை ஆட்டிக்கொண்டே, இந்த வார்டில் எல்லார் வீட்டு மெஷினும் ஒரே குரலில் இருமுகிறது, மக்களிடையே இப்படி ஓர் ஒற்றுமையான ரசனையைத் தான் எங்குமே கண்டதில்லை என்று குறிப்பு எழுதினார். கூட இருந்தவர் புள்ளிவிவரத்தில் பட்டம் வாங்கியவர். அவர் அதற்கு ஒரு வரைபடம் போட்டார்.

கடைசியாகப் போகிற வழியில் ரீஸ்டார்ட்டின் கடையையும் எட்டிப் பார்த்தார்கள். சுவரோரம் பன்னிரண்டு வெற்று மேசை. காலி என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர் வீட்டுக்கு வந்து, எதுவும் இல்லை என்ற பழைய பதிவு சரியே என்று சான்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மனைவிக்கு நிரந்தர உத்தரவு அந்த வாரமே வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ரீஸ்டார்ட்டுக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. உரிமம் போனால் போகிறது, மெஷின்கள் இருக்கின்றன, வேறு வார்டில் ஒரு கடை பார்க்கலாம் என்று தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு தன் பன்னிரண்டையும் அழைத்துவரப் புறப்பட்டார்.

கடைசியாகச் சோதனை முடிந்த பன்னிரண்டு வீடுகளில்தான் அவை நின்றிருந்தன. முதலில் ஹெட்மாஸ்டர் வீடு. உள்ளே ‘இருமல்’ ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் வாசலுக்கே கேட்டது. பேரன் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். ஹெட்மாஸ்டர் வாசற்படியில் நின்றபடி, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் மாட்டியிருந்த சான்றைக் காட்டினார். உடைமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

“எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, நான் இந்த நிமிஷமே கொடுத்திடுவேன். நாளைக்கு மறுசோதனைன்னு வந்து நின்னா? இருந்ததை எங்கேன்னு கேப்பாங்க. அரசாங்கமே என்னுதுன்னு எழுதிக் கொடுத்த பிறகு அதை இன்னொருத்தருக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு ஏது அதிகாரம்?”

“மாஸ்டர், இது என் மெஷின். நான்தான் உங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன்.”

“நீ தூக்கிட்டு வந்தது சரிதான். உன் வீட்ல ஒண்ணும் இல்லைன்னு சான்று இருக்கே, அப்ப எங்கேருந்து தூக்கிட்டு வந்தே?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் கொடுமை. சான்றைப் பார்த்துப் பார்த்து அவர் நிஜமாகவே நம்பத் தொடங்கியிருந்தார். மற்றப் பதினொரு வீடுகளிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான். தையல்காரர் மட்டும், மருமகன் பின்னால் நின்றுகொண்டிருந்ததால், தலையைக் குனிந்துகொண்டு கதவை மெல்லச் சாத்தினார்.

காவல் நிலையத்தில் எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் திருட்டா கடையில் திருட்டா என்று கேட்டார். கடை என்றால் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத கடை சட்டப்படி கடையே அல்ல. வீடு என்றால் அங்கே எதுவும் இல்லை என்று இரண்டு முறை அரசுச் சான்று இருக்கிறது. இல்லாத இடத்திலிருந்து இல்லாத பொருளை எடுத்துப் போனதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று தனக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்றார். அவர் மனசாட்சி உள்ள ஆள். வேண்டுமானால் அரசாங்கம் இப்படி ஒன்றும் இல்லாதவர்களுக்கு இலவசமாக ஒரு விளையாட்டுக் கணினி கொடுக்கப்போவதாகப் பேச்சு, அங்கே கேட்டுப் பாருங்கள் என்று வழி காட்டினார்.

ரீஸ்டார்ட் மறுபடியும் துணை இயக்குநரிடம் போய் நின்றார். துணை இயக்குநர் வருத்தத்தோடு கையை விரித்தார். ஏழாம் வார்டுக்கு அந்த உதவி கிடையாது. அங்கே நூற்றுக்கு நூறு வீட்டிலும் இருக்கிறது. என் வீட்டில் இல்லையே சார் என்றார் ரீஸ்டார்ட்.

“எங்களுக்குத் தெரியுமே. தொண்ணூற்றி ஒன்பதுக்கு மேல ஏதோ வந்தது. தசமப் புள்ளிக்கு அப்புறம் இருக்கறதை முழுசாக்கிட்டோம். நீங்க அந்தத் தசமத்துலதான் இருந்தீங்க.”

கடையில் இப்போது ஒருவர் செருப்பு விற்கிறார். ரீஸ்டார்ட் வீட்டில் இருக்கிறார். சாயங்காலம் தெருவில் நடந்தால் பன்னிரண்டு வீடுகளிலிருந்து அவருக்குப் பழக்கமான சத்தங்கள் வரும். ஏதாவது ஒரு மெஷின் மக்கர் பண்ணினால் ஜன்னல் வழியாகக் கூப்பிடுவார்கள். முதலில் போகக் கூடாது என்றுதான் நினைத்தார். அப்புறம் போனார். தன் கையால் கோர்த்ததைத் தெரியாதவன் எவனாவது திறந்து பாழாக்குவதைவிட அது தேவலை என்று இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மனைவி கழுத்தில் புது அடையாள அட்டையோடு நின்றாள். நிரந்தரப் பணியில் முதல் வேலை. கணக்கெடுப்புகளின் நம்பகத்தன்மை பற்றிய கணக்கெடுப்பு. எதிரே உட்கார்ந்து கேள்வியைப் படித்தாள். அண்மையில் நடந்த கணக்கெடுப்பில் உங்கள் வீட்டைப் பற்றிப் பதிவான விவரங்கள் எந்த அளவுக்கு உண்மையானவை?

படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீஸ்டார்ட் வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். வரைகலை அட்டை இல்லை. தாய்ப்பலகை இல்லை. கடையில்கூட இல்லை, கடையே இல்லை. அவர்கள் அன்றைக்கு எழுதிக்கொண்டு போனதில் ஒரு எழுத்தை இன்றைக்கு மாற்ற முடியாது.

“முழுக்க உண்மைன்னு போடு,” என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள். வார்டில் மற்ற எல்லாரும் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். இந்த முறை அவருடைய வீட்டையும் சேர்த்து, முழுசாக்க வேண்டிய அவசியமே இல்லாமல், நூற்றுக்கு நூறு வந்தது.